தீராத வழக்குகளும் ஓய்வு பெற்றவர்களும்

(மல்லாங்கிணறில் வாசகர்கள் கூடிய மாலைக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட சொற்பொழிவின் அச்சு வடிவம்)



எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணனும் கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியனும் பிறந்த ஊர் இது. கதை கேட்கவும் சொல்லவும் இந்த ஊருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆகவே பேச்சை ஒரு கதையிலிருந்தே தொடங்கலாம். இங்கிலாந்துக்காரர் ரிச்சர்ட் ஆஸ்மன் எழுதிய 'தி தர்ஸ்டே மர்டர் கிளப்' நாவல் 2020இல் வெளிவந்தது. முதியோர் குடியிருப்பு ஒன்றில் நான்கு நண்பர்கள். ஒருவர் உளவுத் துறையில் இருந்தவர், ஒருவர் நர்ஸ், ஒருவர் மனநல மருத்துவர், இன்னொருவர் தொழிற்சங்கத் தலைவர். வியாழக்கிழமைதோறும் கூடி உட்கார்ந்து, போலீஸ் கைவிட்ட கொலை வழக்குகளை அலசுகிறார்கள். நாவல் உலகம் முழுக்க விற்றது. 2025இல் படமாகவும் வந்துவிட்டது.

இப்படியெல்லாம் நிஜத்தில் நடக்குமா என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். நடந்திருக்கிறது, அந்த நாவல் வருவதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 1990இல் மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினார்கள். வில்லியம் ஃபிளைஷர் போலீஸிலும் எஃப்.பி.ஐ.யிலும் சுங்கத் துறையிலும் வேலை பார்த்தவர். ரிச்சர்ட் வால்டர் மிச்சிகன் மாநிலச் சிறையில் கைதிகளோடு பேசிப் பேசியே கொலைகாரர்களின் மனப்போக்கை அறிந்த உளவியலாளர். மூன்றாமவர் ஃபிராங்க் பெண்டர், சிற்பி. அடையாளம் தெரியாத மண்டையோட்டின் மேல் களிமண் அப்பி, செத்தவரின் முகத்தைத் திரும்பக் கொண்டுவருபவர். திருடனாக இருந்து துப்பறிவாளராக மாறிய பிரெஞ்சுக்காரர் விடோக்கின் பெயரையே சங்கத்துக்கு வைத்தார்கள். முழு உறுப்பினர்கள் 82 பேர்தான் இருக்கலாம் என்றும் விதித்தார்கள். ஓய்வு பெற்ற துப்பறியும் அதிகாரிகள், தடயவியல் நிபுணர்கள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள் பலர் சேர்ந்தார்கள். மாதம் ஒருமுறை மதியச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும், எங்கோ ஓர் ஊரிலிருந்து வந்த போலீஸ்காரர் தன்னால் தீர்க்க முடியாத வழக்கை அவர்கள் முன்னால் வைப்பார். கேள்விகள் தொடங்கும்.

அந்தச் சங்கம் தனக்குப் போட்டுக்கொண்ட விதிகளைக் கவனிக்க வேண்டும். வழக்கு குறைந்தது இரண்டு ஆண்டுகள் பழையதாக இருக்க வேண்டும். புலனாய்வு செய்யும் துறையே முறைப்படி அதைக் கொண்டுவர வேண்டும். உறுப்பினர்கள் கூலி வாங்குவதில்லை. யாரையும் கைது செய்யும் வேலையும் அவர்களுடையது இல்லை. ஆலோசனை சொல்வதோடு சரி.

பெண்டரும் வால்டரும் சேர்ந்து செய்த ஒரு காரியம், சங்கம் பிறப்பதற்கு முந்தைய ஆண்டில் நடந்தது. நியூஜெர்சியில் 1971 நவம்பரில் ஜான் லிஸ்ட் என்ற கணக்காளர் தன் தாய், மனைவி, மூன்று பிள்ளைகள் என ஐந்து பேரையும் கொன்றுவிட்டு ஓடிப்போனார். 18 ஆண்டுகளாகத் தடயம் இல்லை. பழைய புகைப்படத்தை வைத்து, இப்போது அவர் எப்படி இருப்பார் என்று பெண்டர் மார்பளவுச் சிலை ஒன்றைச் செய்தார். இந்த மனிதர் எப்படிப்பட்ட கண்ணாடி போடுவார் என்று வால்டரோடு பேசினார். தடித்த கறுப்பு விளிம்புக் கண்ணாடிதான் போடுவார் என்று முடிவு செய்து, அப்படி ஒன்றைத் தேடி எடுத்துச் சிலைக்கு மாட்டினார். 1989 மே மாதம் அந்தச் சிலை தொலைக்காட்சியில் வந்தது. பதினோராம் நாள் லிஸ்ட் வர்ஜீனியாவில் பிடிபட்டார். வேறு பெயர், வேறு மனைவி, அதே கணக்கு வேலை. முகத்தில் கிட்டத்தட்ட அதே கண்ணாடி.

வெற்றிகளை மட்டும் அடுக்கினால் இந்த வேலையின் கனம் புரியாது. பிலடெல்பியாவிலேயே 1957 பிப்ரவரியில் ஓர் அட்டைப் பெட்டிக்குள் சிறுவன் ஒருவனின் உடல் கிடந்தது. வயது நான்கு இருக்கலாம். அடித்துக் கொன்றிருந்தார்கள். நகரமெங்கும் படம் ஒட்டியும் யாரும் தேடி வரவில்லை. பிண ஆய்வு அலுவலகத்தில் வேலை பார்த்த ரெமிங்டன் பிரிஸ்டோ அந்தப் பிள்ளையின் பெயரைக் கண்டுபிடிப்பதைத் தன் கடமையாக எடுத்துக்கொண்டார். சொந்தக் காசைச் செலவழித்தார். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. 1993இல் இறக்கும்வரை தேடிக்கொண்டே இருந்தார். போலீஸின் அடையாளப் பிரிவில் இருந்த வில்லியம் கெல்லி, மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளின் பாத ரேகைகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். பிறகு விடோக் சங்கத்தினர் இதைத் தங்கள் வழக்காக ஏற்றார்கள். 1998இல் உடலைத் தோண்டி எடுத்து மரபணு மாதிரி எடுக்கப்பட்டது. வேறு கல்லறையில் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். ஓய்வு பெற்ற அதிகாரிகள் அங்கே போய்ப் பூ வைத்து வந்தார்கள்.

2022 டிசம்பர் 8 அன்று அந்தப் பிள்ளையின் பெயரைக் காவல் துறை அறிவித்தது: ஜோசப் அகஸ்டஸ் ஸரெல்லி. 65 ஆண்டுகளுக்குப் பிறகு கல்லறையில் பெயர் ஏறியது. கொலையாளி யார் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. பிரிஸ்டோவைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வளர்ப்புப் பிள்ளைகளை வைத்துப் பராமரித்த ஒரு வீட்டின் மேல் அவருக்குப் பல்லாண்டுக் காலம் சந்தேகம் இருந்தது. அந்த வீட்டுக்கும் கொலைக்கும் தொடர்பு இருப்பதாகக் காவல் துறையால் காட்ட முடியவில்லை. எவ்வளவு நல்ல மனம் உள்ளவரும் தனியாகத் தேடினால் ஒரே சந்தேகத்தில் மாட்டிக்கொள்வார். பக்கத்தில் நண்பர் ஒருவர் உட்கார்ந்து 'இதற்குச் சான்று எங்கே?' என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நண்பர்கள் சேர்ந்து செய்வதன் முதல் பலன் அதுதான்.

அப்படிச் சேர்ந்து தேடியதால் தீர்ந்த வழக்கும் உண்டு. கலிஃபோர்னியாவில் 1970களிலும் 80களிலும் 13 பேரைக் கொன்று, சுமார் 50 பெண்களைச் சீரழித்த ஒருவன் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அகப்படவே இல்லை. பால் ஹோல்ஸ் என்ற புலனாய்வாளர் பணிக்காலம் முழுக்க அவனைத் தேடினார். உதவிக்கு வந்தவர்களில் ஒருவர் பார்பரா ரே-வென்டர். காப்புரிமை வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி. ஓய்வு நேரத்தில் குடும்ப மரம் தேடும் கலையைக் கற்றிருந்தார். குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த மரபணுவைப் பொதுத் தளம் ஒன்றில் ஏற்றி, தூரத்துச் சொந்தங்களைக் கண்டுபிடித்து, பல தலைமுறை முன்னோர் வரை மேலே ஏறி, கிளை கிளையாக இறங்கி வந்து ஒரு பெயரில் நின்றார்கள். பணி ஓய்வுக்குச் சற்று முன்னால் ஹோல்ஸ் அந்த ஆளின் வீட்டு வாசல்வரை காரில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். 2018 ஏப்ரல் 24 அன்று, ஹோல்ஸ் ஓய்வு பெற்றுச் சில வாரங்களே ஆகியிருந்தபோது, கைது நடந்தது. பிடிபட்டவன் 72 வயது ஜோசப் டிஏஞ்சலோ. அவனே ஒரு காலத்தில் போலீஸ்காரன். 2020இல் ஆயுள் தண்டனை பெற்றான்.

அதெல்லாம் அமெரிக்காவில், நம் பக்கம் எங்கே என்று கேட்கலாம். பக்கத்து மாநிலத்துக்கு வருவோம்.

வயநாட்டில் பழங்குடி மக்களுக்காக நின்ற நக்சலைட் தலைவர் வர்கீஸ் 1970 பிப்ரவரியில் திருநெல்லிக் காட்டில் இறந்தார். போலீஸோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் செத்தார் என்று அரசு எழுதிக்கொண்டது. 28 ஆண்டுகள் கழித்து, 1998இல், ராமச்சந்திரன் நாயர் என்ற ஓய்வு பெற்ற காவலர் வெளியே வந்து பேசினார். பிடிபட்டு நின்ற வர்கீஸை மேலதிகாரியின் உத்தரவுப்படி சுட்டது தன் கைதான் என்று ஒப்புக்கொண்டார். கேரள உயர் நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. குற்றவாளிப் பட்டியலில் தன் பெயரும் ஏறும் என்று தெரிந்தே பேசியவர் அவர். தீர்ப்பைப் பார்க்காமல் 2006இல் இறந்துவிட்டார். அப்போது உடன் இருந்த இன்னொரு காவலரின் சாட்சியம் வழக்கைத் தாங்கியது. 2010 அக்டோபரில், ஐ.ஜி. பதவி வரை உயர்ந்து ஓய்வு பெற்றிருந்த கே. லட்சுமணாவுக்குக் கொச்சி சி.பி.ஐ. நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. கொலை நடந்து 40 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆய்வுக்கூடமோ மரபணுவோ தீர்த்த வழக்கு இல்லை இது. சீருடையைக் கழற்றிய இருவரின் ஞாபகமும் மனசாட்சியும் தீர்த்தது.

அதே கேரளத்தில் அஞ்சல் என்ற ஊரில் 2006 பிப்ரவரியில் ஓர் இளம்பெண்ணும் பிறந்து சில நாளே ஆன அவளுடைய இரட்டைக் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். சந்தேகத்துக்கு உள்ளான இருவரும் ராணுவத்தில் இருந்தவர்கள், தலைமறைவானார்கள். பழைய படங்களைக் கணினியில் வயதேற்றி, சமூக வலைத்தளப் படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, 2025 ஜனவரியில் புதுச்சேரியில் சி.பி.ஐ. அவர்களைப் பிடித்தது. 19 ஆண்டுகளாக அந்தப் பெண்ணின் தாய் விடாமல் மனுப் போட்டுக்கொண்டிருந்தார் என்பதை இந்த வழக்கைப் பேசும்போது மறக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் விரைவாகத் தீர்ந்த கொலை வழக்குக்கு ஆளவந்தார் வழக்கைச் சொல்வார்கள். 1952 ஆகஸ்டில் போட் மெயில் ரயிலில் ஒரு டிரங்குப் பெட்டி நாறியது. இன்று விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக ரயில் போகிறதே, அந்த மானாமதுரையில் பெட்டியை இறக்கித் திறந்தார்கள். உள்ளே தலையில்லாத உடல். தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. காதுத் துளையும், ராணுவத்தில் இருந்த காலத்தில் பதிவான கைரேகையும் ஆளை அடையாளம் காட்டின. பார்த்தவர்கள் பார்த்த சூட்டோடு சொன்னதால் அந்த வழக்கு நின்றது. 1953இல் தண்டனையும் வந்துவிட்டது.

அந்தச் சூடு ஆறிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் சாட்சி உண்டு. அரசியலில் பெயர் பெற்ற குடும்பத்தைச் சேர்ந்த திருச்சி ராமஜெயம் 2012 மார்ச் 29 அன்று காலை நடைப்பயிற்சிக்குப் போனவர் பிணமாகக் கிடந்தார். சி.பி.சி.ஐ.டி., சி.பி.ஐ., சிறப்புப் புலனாய்வுக் குழு என்று கை மாறிக்கொண்டே போனது வழக்கு. பெயர் பெற்ற குடும்பத்துக்கே இந்த நிலை. 2022இல் மட்டும் இந்தியாவில் 28,522 கொலை வழக்குகள் பதிவாயின என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். ஊருக்கு வெளியே பருத்திக் காட்டில் கிடந்த கூலியாள் ஒருவரின் வழக்கு, 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்ற ஒரு வரி இறுதி அறிக்கையோடு மூடப்பட்டால், அதைத் திரும்பக் கேட்க யார் இருக்கிறார்கள்?

இருக்கிறார்கள். இந்த அவையிலேயே இருக்கிறார்கள்.

ஒரு கொலை வழக்குக் கட்டில் என்னென்ன இருக்கும் என்று பார்ப்போம். முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், மாதிரி வரைபடம், பிரேத விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, கைப்பற்றிய பொருள்களின் பட்டியல், சாட்சிகளின் வாக்குமூலங்கள். இவை ஒவ்வொன்றையும் வாசிக்க ஒவ்வொரு கண் வேண்டும்.

மகஜரில் ஒரு சர்வே எண் இருக்கும். ஓய்வு பெற்ற கிராம நிர்வாக அலுவலர் அதைப் பார்த்த மாத்திரத்தில் புல வரைபடத்தில் இடத்தைக் காட்டிவிடுவார். 'சோளக் கதிருக்குப் பின்னால் மறைந்து நின்று பார்த்தேன்' என்று ஒரு சாட்சி சொல்லியிருப்பார். அந்தப் பசலிக்கான அடங்கலை, அதாவது அந்த வருவாய் ஆண்டின் பயிர்ப் பதிவேட்டை, எடுத்துப் பார்த்தால் நிலம் தரிசு என்று எழுதியிருக்கலாம். ஒரு வரியில் சாட்சி விழுந்துவிடும். அல்லது மல்லி போட்டிருந்தது என்று இருக்கும். மல்லிச் செடிக்குப் பின்னால் ஆள் மறைய முடியாது என்று கரிசல்காட்டு விவசாயிக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நிலா வெளிச்சத்தில் ஆளை அடையாளம் கண்டேன் என்று இன்னொரு சாட்சி சொல்வார். ஓய்வு பெற்ற ஆசிரியர் அந்த ஆண்டின் பஞ்சாங்கத்தைத் தேடி எடுத்தால் அன்று என்ன திதி என்று தெரிந்துவிடும். 1858இல் அமெரிக்காவில் வழக்கறிஞராக இருந்த ஆபிரகாம் லிங்கன் செய்தது இதைத்தான். பஞ்சாங்கத்தைக் காட்டி, சாட்சி சொன்ன நேரத்தில் நிலா கீழிறங்கிவிட்டது என்று நிறுவி, கொலைக் குற்றம் சாட்டப்பட்ட இளைஞனை விடுவித்தார்.

பாண்டியன் போக்குவரத்துக் கழகத்தில் கண்டக்டராக இருந்தவருக்கு அந்தக் காலத்துக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு எங்கே நின்றது என்று தெரியும். சிவகாசிப் பட்டாசு ஆலையில் ஃபோர்மேனாக இருந்தவருக்கு, மருந்து கலக்கும் வேலை வெயில் ஏறும் முன்பே முடிந்துவிடும் என்று தெரியும். ஆகவே 'சாயங்காலம்வரை மருந்து அறையில்தான் இருந்தேன்' என்று யாராவது சொல்லியிருந்தால் அவர் புருவம் உயரும். கம்பவுண்டராக, நர்ஸாக இருந்தவர்கள் பிரேதப் பரிசோதனைச் சான்றின் கையெழுத்தைப் படித்துவிடுவார்கள். தபால்காரர், வாடகை வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் போனவனின் பழைய முகவரியைச் சொல்வார். ஏட்டையாவாக இருந்து ஓய்வு பெற்றவருக்கு, அன்று ஸ்டேஷனில் யார் பாராவில் இருந்தார், கட்டு எந்த அலமாரிக்குப் போயிருக்கும் என்பதெல்லாம் அத்துபடி.

பெரியவர்களின் ஞாபகத்தில் தேதி இருக்காது என்பார்கள். தேதி இல்லாவிட்டாலும் தேதிக்கு வழி இருக்கும். 'விருதுநகர்ப் பங்குனிப் பொங்கலுக்கு முந்தின வாரம்', 'தீபாவளி போனஸ் போட்ட மறுநாள்', 'எம்.ஜி.ஆர். இறந்த மாசம்' என்று சொல்வார்கள். எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர் 24. இந்திரா காந்தி சுடப்பட்டது 1984 அக்டோபர் 31. இப்படி இரண்டு மூன்று பேருடைய ஞாபகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாரம்வரை நெருங்கிவிடலாம். ஆனால் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதற்கு முன், தனித்தனியாக எழுதி வாங்கிவிட வேண்டும். கேட்டபின் எல்லோருக்கும் ஒரே ஞாபகம் வந்துவிடும்.

சட்டம் இதற்கெல்லாம் இடம் தருகிறதா? தருகிறது. காலம் கடந்துவிட்டது என்று சொல்லி வழக்கை ஏற்க மறுப்பது மூன்று ஆண்டுவரை தண்டனை உள்ள குற்றங்களுக்குத்தான். கொலைக்குக் காலவரம்பே கிடையாது. இறுதி அறிக்கை போட்ட பிறகும் மேல் விசாரணை நடத்தலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173(8) சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் அது 193(9). வழக்கை மூடும் முன் புகார் கொடுத்தவருக்கு அறிவிப்புக் கொடுத்து அவர் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று 1985இல் பகவந்த் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த அறிவிப்பு பல குடும்பங்களின் கைக்கு வந்திருக்காது. வந்திருந்தாலும் என்னவென்று புரிந்திருக்காது.

இன்னொரு வழி தகவல் உரிமைச் சட்டம். விசாரணைக்கு இடையூறு என்று சொல்லித் தகவல் மறுக்க 8(1)(எச்) பிரிவைக் காட்டுவார்கள். அதே சட்டத்தின் 8(3) பிரிவோ, 20 ஆண்டுகளுக்கு முன் நடந்த நிகழ்வு பற்றிய தகவலுக்கு, நாட்டின் பாதுகாப்பு போன்ற சில விலக்குகள் தவிர மற்ற தடைகள் பொருந்தாது என்கிறது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி ஒரு மனு எழுதினால் போதும். நம் விருதுநகர் தனி மாவட்டமானது 1985இல். அதற்கு முந்தைய கட்டுகளைப் பழைய ராமநாதபுரம் மாவட்டத்தின் பெயரில் தேட வேண்டும் என்பதை அலுவலகங்களில் வேலை பார்த்தவர்கள் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பழைய பதிவேடுகள் காலப்போக்கில் அழிக்கப்படுகின்றன, தாமதிக்கவும் நேரமில்லை.

எச்சரிக்கை ஒன்று. இது சாதிக்குச் சாதி, தெருவுக்குத் தெரு பகை மூளக்கூடிய மண். டீக்கடையில் சொல்லும் ஒரு பெயர் இன்னொரு கொலைக்கு வழி செய்துவிடும். ஆகவே நண்பர்கள் கூடிப் பேசுவது அந்த அறையைத் தாண்டக் கூடாது. சந்தேகப்படும் ஆளின் வீட்டுக்குப் போய் விசாரிப்பது, வாட்ஸ்அப்பில் படம் போடுவது, பத்திரிகையில் பேட்டி கொடுப்பது எதுவும் ஆகாது. கண்டதை எழுதி, யார் சொன்னது, எந்த ஆவணத்தில் உள்ளது என்று பக்க எண்ணோடு குறித்து, மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடம் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். சாட்சி சொல்லப் பயப்படுபவருக்கு 2018இல் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. அதைக் கேட்டு மனுச் செய்யலாம்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. மாவட்டத்துக்கு ஒரு குழுவாவது அமைத்து, துப்புத் துலங்காமல் மூடப்பட்ட கொலை வழக்குகளை ஓய்வு பெற்ற புலனாய்வு அதிகாரிகள், தடயவியலாளர்கள், வருவாய்த் துறையினர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்ல வேண்டும். அதிகாரம் காவல் துறையிடமே இருக்கட்டும். விடோக் சங்கத்தில் நடப்பது போல வாசித்து, கேள்வி எழுப்பி, குறிப்பு எழுதித் தரும் வேலை இவர்களுடையதாகட்டும். தமிழ்நாட்டின் தடயவியல் மரபு 1849இல் சென்னையில் தொடங்கிய ரசாயனப் பரிசோதகர் அலுவலகத்திலிருந்து வருவது. ராஜீவ் காந்தி கொலையில் மனித வெடிகுண்டின் வேலையைத் தடயங்களிலிருந்து நிறுவிய பேராசிரியர் பி. சந்திரசேகரனைத் தந்த துறை அது. அந்த அனுபவம் 60 வயதானவுடன் வீட்டுக்குப் போய்விடுவதை நாடு பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

இந்த அவையில் இருக்கும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் யாருக்காவது பழைய மரணம் ஒன்றைப் பற்றி அன்று சொல்லாமல் விட்ட விஷயம் தெரிந்திருக்கும். பயத்தால் சொல்லாமல் இருந்திருக்கலாம், யாரும் கேட்காததால் இருந்திருக்கலாம். இந்த வாரமே ஒரு வெள்ளைத் தாளில் எழுதுங்கள். கண்ணால் பார்த்தது எது, காதால் கேட்டது எது என்று பிரித்து எழுதுங்கள். கீழே பெயரும் தேதியும் போட்டுக் கையெழுத்திடுங்கள். நம்பிக்கையான நண்பர்கள் இருவரிடம் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எழுதிச் சேர்த்து, காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள்.